சேர்த்தா, தனித்தனியா?

2025 ஜூன் 14, காலை
ஜூரோங்வாசி எழுதியது:

சிங்கப்பூரில் இந்தியரும் சீனரும் கைகோத்து நடந்தால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள் என்று புலம்புகிறவர்கள் தாங்களாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே மூன்று ஜோடி இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். இந்தப் பழைய கதையை இன்னும் எத்தனை நாளைக்குப் பேசுவது?

2025 ஜூன் 14, மதியம்

நானும் அப்படி ஒரு ஜோடியில் பாதி. இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். வீட்டுக்காரர் சீனர், அவர்களுக்குள் தியோச்சியூ பேசும் பிரிவு.

யாரும் முறைப்பதில்லை என்பது சரி. முறைத்தால்கூடத் தேவலை, பதிலுக்கு முறைத்துவிடலாம். பேரங்காடி வரிசையில் இரண்டு பேரும் ஒட்டித்தான் நிற்போம். ஒரே கூடை. அவர் டோஃபுவை எடுத்து வைப்பார், பின்னாலேயே நான் தயிர் டப்பாவை வைப்பேன். காசாளர் அம்மா இரண்டுக்கும் நடுவில் ஆளுக்காள் சாமானைப் பிரிக்கும் கட்டையை எடுத்து வைப்பார். அவருக்கு எங்கள்மேல் எந்தக் கோபமும் கிடையாது, உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். "சேர்த்துத்தான்" என்று சொன்னதும் பதறிப்போய் "சாரி, சாரி" என்பார். உணவகத்தில் வாசலிலேயே வீட்டுக்காரரிடம் "ஒருத்தரா?" என்று கேட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மெனு அட்டையைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பேன்.

இதில் கற்பனை எங்கே இருக்கிறது? அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரிகிறது, கையால் தொடலாம்.

2025 ஜூன் 15

"ஐந்தில் ஒரு திருமணம் வேற்றினத் திருமணம், அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணில் தப்பில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகவே ஐந்து அல்லது ஆறு திருமணத்துக்கு ஒன்று அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். இங்கே நாலு பெட்டி: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். பெட்டி மாறினால்தான் கணக்கு. என் தோழி தஞ்சாவூர்ப் பூர்வீகம், கட்டியது அமிர்தசரஸ்காரரை. மொழி வேறு, மதம் வேறு, காலைச் சாப்பாடு வேறு. இரண்டு பேரும் "இந்தியர்" என்பதால் கணக்கில் வரமாட்டார்கள். சீன அங்கிள் ஒருவர் வியட்நாமில் பெண் எடுத்தால் வருவார். வெள்ளைக்கார அதிகாரி உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினாலும் வருவார்.

அந்த ஜோடிகளைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது? வியட்நாம் பெண் என்றால் காசுக்கு வந்தவள். வெள்ளைக்காரரோடு போகிறவள் "சரோங் பார்ட்டி கேர்ள்", இது நம்மூர்ப் பழைய வசவு. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன் உள்ளூர்ச் சீனப் பெண்ணைக் கட்டினால் நிரந்தரவாசம் வாங்கத்தான் கட்டினான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: இதில் இவருக்கு என்ன லாபம்? ஒரே இனத்தில் கட்டியவர்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. அவர்களில் லாபம் பார்க்காமல் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று தெரியவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் படிக்கலாம்.

இன்னொன்று. கொள்கை ஆய்வுக் கழகம் 2016-ல் இன உறவுகள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. வேற்று இனத்தவர் அண்டை வீட்டுக்காரராக வரலாம், உடன் வேலை செய்யலாம், மேலதிகாரியாகக்கூட வரலாம் என்றவர்கள் மருமகன் மருமகள் என்று வந்ததும் பின்வாங்கினார்கள். ஜூரோங்வாசி சொல்லும் மூன்று ஜோடியும் அவருக்கு அண்டை வீடு என்பதைக் கவனிக்கவும்.

2025 ஜூன் 17

பழைய கதை என்றீர்களே, 2021 ஜூன் அவ்வளவு பழசா?

ஆர்ச்சர்ட் சாலையில் ஓர் இளைஞனையும் அவன் காதலியையும் நிறுத்திவைத்து, சீனப் பெண் இந்தியனோடு திரியக்கூடாது, இவன் அவளை வளைத்துப்போடுகிறான் என்கிற மாதிரி ஒருவர் பேசினாரே, அந்தக் காணொளியை இங்கே பார்க்காதவர் இருக்க முடியாது. பேசியவர் பலதுறைத் தொழிற்கல்லூரி விரிவுரையாளர். விவரம் தெரியாத கிழவர் என்று தள்ளிவிட வழியில்லை. அவருக்கு வேலை போனது, வழக்கு நடந்தது, சிறைத் தண்டனையும் கிடைத்தது. இன நல்லிணக்கத்தில் சரியான திசையில் போகிறோம் என்று நம்பியிருந்தேன், இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சட்ட அமைச்சர் சண்முகமே அப்போது எழுதினார்.

எனக்கு அதில் மறக்காத விஷயம் வேறு. அந்த இளைஞர் பாதி இந்தியர், பாதி பிலிப்பினோ. பெண் பாதி சீனர், பாதி தாய்லாந்துக்காரர். அதாவது இரண்டு பேரின் பெற்றோருமே ஏற்கெனவே எல்லை தாண்டியவர்கள். விரிவுரையாளர் ஆளுக்கு ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்திருக்கிறார்.

அப்புறம், அவர் கோபம் யாருக்காக? அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பொருளை நீ எப்படித் தொடலாம் என்கிற கோபம் அது. ஆண் இந்தியராக, பெண் சீனராக இருந்தால்தான் இது வருகிறது. எங்களைப் போலத் திருப்பிப் போட்டால் சீனர் யாரும் பொங்குவதில்லை. "அப்படியா, அபூர்வமாச்சே!" என்று ஒரு புருவம் மட்டும் ஏறும்.

2025 ஜூன் 17, இரவு

மேலே எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போனது. சீனர் பொங்குவதில்லை, சரி. நம்மவர்கள்? தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஓர் அங்கிள், என் வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில், "ஏம்மா, நம்ம பசங்க ஒருத்தனும் கிடைக்கலையா?" என்றார். வீட்டுக்காரர் எறாவின் வாலைப் பிடித்துப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்: "கிடைச்சாங்க அங்கிள். இவங்கதான் வேணாம்னுட்டாங்க."

மீன்காரர் அன்றைக்கு ஒரு பிடி எறா சும்மா போட்டார்.

2025 ஜூன் 20

அமெரிக்காவைப் பாருங்கள் என்று ஒருவர் இணைப்புப் போட்டிருக்கிறார். பார்த்தேன். கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் 1958-ல் கேட்டபோது 4 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். 2021-ல் 94. நடுவில் 1967-ல் லவிங் வழக்கு. வெர்ஜினியாவில் படுக்கையறைக்குள் போலீஸ் புகுந்து கைதுசெய்த தம்பதிக்காக உச்ச நீதிமன்றம் கலப்புத் திருமணத் தடைச் சட்டங்களையே தூக்கியது. அப்படியும் அலபாமா தன் அரசியல் சட்டத்தில் கிடந்த அந்த வரியை எடுக்க 2000 ஆகிவிட்டது. அதையும் பொதுவாக்கெடுப்பு வைத்துத்தான் எடுத்தார்கள், கணிசமான பேர் வேண்டாம் என்று ஓட்டும் போட்டார்கள்.

94 என்பது பெரிய எண்தான், மறுக்கவில்லை. ஆனால் கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்லும்போது நாம் எல்லாருமே ஊரான் வீட்டுக் கல்யாணத்தைத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

அங்கேயும் ஆண் பெண் வித்தியாசம் உண்டு. பியூ ஆய்வு மையம் 2015-ன் புதுமணத் தம்பதியரைக் கணக்கெடுத்தபோது, ஆசியப் பெண்களில் 36 சதவீதம் பேர் வேற்று இனத்தவரைக் கட்டியிருந்தார்கள், ஆசிய ஆண்களில் 21. கறுப்பர்களில் தலைகீழ்: ஆண்கள் 24, பெண்கள் 12. ஆசியப் பெண் அடக்கமானவள், ஆசிய ஆண் ஆண்மையில் மட்டு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவைத்த கதையின் தழும்பு இதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. என் வீட்டுக்காரரிடம் படித்துக்காட்டினேன். "அப்போ நான் அபூர்வ ரகம், பத்திரமா வச்சுக்கோ" என்கிறார்.

2025 ஜூன் 22

குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இது கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் விஷயம் வெடித்தபோது அம்மா அழுதார். அப்பா செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தார். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த அத்தை. எங்கள் குடும்பத்திலேயே கறாரான ஆள் அவர்தான். அவர் சொன்னார்: "சீனன்னா பரவால்லடி. அவங்களுக்கு ஏது சாதி? ஊர்ல கேட்டா சிங்கப்பூர் மாப்பிள்ளைன்னு சொல்லிக்கலாம்."

இதே அத்தை, சில வருஷம் முன்னால் என் பெரியப்பா மகன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டியபோது கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தப் பெண் தமிழ்தான். அதே ஊர், அதே அம்மன் கோவில் திருவிழா, அதே மீன்குழம்பு. அந்த அண்ணியை வாசலோடு பேசி அனுப்பிய அத்தை, என் வீட்டுக்காரருக்குத் தன் கையால் வடை தட்டிப் போட்டார். அத்தை முற்போக்காகிவிட்டார் என்று அப்போது சிலர் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை, அண்ணியின் முகம்தான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஏணியில் சீனனுக்குப் படியே கிடையாது, அதனால் அவன் எந்தப் படியிலும் இடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சீனர் தரப்பு மட்டும் சளைத்ததா? வீட்டுக்காரரின் பாட்டி, தன் மகள் வேறு சீனப் பிரிவான ஹக்கா பையனைக் கட்டியதற்கே ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்தவராம். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்குச் சண்டைபோடத் தெம்பில்லை. என் கையைப் பிடித்து வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தியோச்சியூவில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் எல்லாரும் வேறு வேறு பதில் சொன்னார்கள். நான் விட்டுவிட்டேன்.

மாட்டிறைச்சிதான் பெரிய சண்டையாகும் என்று எங்கள் பக்கத்தில் பயந்தார்கள். என் மாமியார் குவான்யின் அம்மனைக் கும்பிடுகிறவர், அவர் மாட்டிறைச்சியைத் தொடுவதே இல்லை. இப்படி நிறையச் சீனக் குடும்பங்கள் உண்டு. ஆக முதல் கவலை முதல் விருந்திலேயே செத்தது.

உண்மையான ஒற்றுமை நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தெரிந்தது. அம்மா குங்குமப்பூப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தார். மாமியார் சோயாப் பால் வாங்கிவைத்துவிட்டு, கறுப்பு சோயா சாஸையும் காப்பியையும் ஒளித்துவைத்தார். இரண்டு பேருக்கும் பொதுமொழி அரைகுறை மலாய்தான். ஆனால் பிள்ளை கறுப்பாகப் பிறந்துவிடக்கூடாது என்பதில் ஒரு வார்த்தை பேசாமலே ஒன்றாகிவிட்டார்கள். வேற்றினத் திருமணத்துக்கு எதிரி இனவெறி என்று எழுதுகிறோம். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய சங்கதி நிறம். அது இரண்டு பக்கமும் ஏற்கெனவே குடியிருந்தது.

2025 ஜூன் 23

"வெள்ளைத்தோல் மோகம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, பால் காய்ச்சியது அம்மாக்கள். நான் இரண்டையும் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன்.

லாபம் என்னவென்றும் கேட்டிருக்கிறார். ஒரு லாபம் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் வாடகை வீடு தேடினோம். "இந்தியர் வேண்டாம், சீனநாட்டவர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே போடுவார்கள், தெரியும்தானே. வீட்டுக்காரர் போன் பண்ணினால் மாண்டரினில் எல்லாம் சுமுகமாக முடியும். நேரில் போய் நான் செருப்பைக் கழற்றியதும் வீட்டுச் சொந்தக்காரருக்குத் திடீரென்று மச்சான் வெளிநாட்டிலிருந்து வருகிறார், வீடு அவருக்குத் தேவைப்படுகிறது. ஒருவர் மட்டும் நேராகக் கேட்டார்: "உங்கள் மனைவி கறி சமைப்பாரா?" வீட்டுக்காரர், "இல்லை, கறி சமைப்பது நான்" என்றார். உண்மையும் அதுதான். அந்த வீடும் கிடைக்கவில்லை.

2025 ஜூலை 1

கொஞ்சம் நல்ல விஷயமும் எழுதுகிறேன், எப்போது பார்த்தாலும் குறை என்று ஒரு தங்கை சலித்துக்கொண்டார்.

தியோச்சியூ வழக்கத்தில் மாமியார் மருமகளுக்கு நாலு தங்க நகை போடவேண்டும்: சங்கிலி, பதக்கம், தோடு, வளையல். இதைக் கேள்விப்பட்ட மறுநாளே அம்மாவின் அழுகை பாதி குறைந்தது. மாமியார் 999 தங்கம், அதாவது 24 காரட், எடுத்திருந்தார். அம்மா அழுத்திப் பார்த்து "ரொம்ப மெத்து, நெளிஞ்சுடும், 916 எடுங்க" என்று 22 காரட்டைக் கையாலேயே சொன்னார். அடுத்த வாரம் இரண்டு பேரும் சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். பேரம் பேசுவதில் யார் மொழியும் யாருக்கும் தடையாக இல்லை.

விருந்தில்தான் கூத்து. சீனர்கள் அங்பாவில், அதாவது மொய் வைக்கும் சிவப்பு உறையில், இரட்டைப்படையாகத்தான் வைப்பார்கள், 8 வந்தால் விசேஷம், 4 ஆகாது. நம்மவர்கள் 51, 101. வரவேற்பு மேசையில் வீட்டுக்காரரின் சித்தி மகள் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். என் மாமா நூறு வெள்ளியோடு ஒரு வெள்ளி நாணயமும் போட்டிருக்கிறார். அவள் அந்த நாணயத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், "அங்கிள், தவறி விழுந்துவிட்டது" என்று மாமா கையில் கொடுத்துவிட்டாள். மொய்யைத் திருப்பிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? மாமா எழுந்துவிட்டார். அப்பா ஓடி, நான் பட்டுப்புடவையோடு ஓடி, அந்த ஒரு வெள்ளியை மறுபடி உறைக்குள் போட்டு, அந்தப் பெண்ணையே இரண்டு கையாலும் வாங்கச் சொல்லி, அதற்குள் மேடையில் மணமகளைக் காணோம் என்று அறிவிப்பு.

2025 ஜூலை 5

ஜூன் 17-ஆம் தேதி நான் எழுதியதற்கு, அப்படியானால் இந்தியப் பெண்ணுக்குப் பிரச்சினை குறைவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஜோடியாகப் போகும்போது குறைவு. பிள்ளையோடு தனியாகப் போனால்தான் தெரியும்.

மகன் அப்பா சாடை, நிறமும் அப்படியே. மூன்று வயதில் புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில் சறுக்கிக்கொண்டிருந்தான், நான் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பெஞ்சில் ஓர் ஆன்டி. நல்லவர், மடியில் பேத்தி. பிஸ்கட் நீட்டினார். பேச்சுக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு சம்பளம் தருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா?" என்று கேட்டார். எனக்கு முதலில் என் அலுவலகத்தைக் கேட்கிறார் என்றுதான் பட்டது. அதற்குள் இவன் சறுக்கின் உச்சியிலிருந்து "அம்மா, பாரு!" என்று கத்தினான். ஆன்டி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிஸ்கட் டப்பாவை மூடினார். "ரொம்பப் பாசமாக வளர்த்திருக்கிறாய், உன்னை அம்மா என்றே கூப்பிடுகிறானே" என்றார்.

விளக்கம் சொல்லவில்லை. பணிப்பெண்ணாக இருந்தால் என்ன அவமானமா என்று உடனே எனக்குள் ஒரு கேள்வி. அவமானமில்லைதான். ஆனால் என் பிள்ளைக்கு நான் அம்மாவாக இருக்க முடியாது என்று ஒருவர் இவ்வளவு அன்பாக முடிவுசெய்கிறாரே, அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

2025 ஜூலை 21

இன நல்லிணக்க நாள். 1964 இனக் கலவரத்தை நினைத்து வைத்த நாள், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இனம் இனமாக உடை மாற்றிப் போடுவார்கள். "இன்னொரு இனத்தின் உடையில் வரவும்" என்று ஆசிரியர் குறிப்பு அனுப்பியிருந்தார். மகனின் பிறப்புப் பத்திரத்தில் சீனர்-இந்தியர் என்று இருக்கிறது (2011 முதல் இப்படி இரட்டை இனமாகப் பதியலாம்). வேட்டி கட்டினால் இன்னொரு இனமா? சீனச் சட்டை போட்டால்? நேற்று இரவு பத்து மணிக்கு அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு இதே விவாதம். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய் ஆன்டியிடம் அவர் பேரனின் பாஜு மலாயு என்ற மலாய் உடையைக் கடன் வாங்கிப் போட்டு அனுப்பினோம். ஆசிரியர், "ஓ, உன் அம்மா மலாயா?" என்று கேட்டாராம்.

2025 ஜூலை 27

முகத்தைப் பார்த்து ஜோடியைப் பிரிக்கும் வேலையில் இந்த ஊருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதை யாருமே எழுதவில்லை.

நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இங்கேயும் மலாயாவிலும் ஏழைச் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பது நிறைய நடந்தது. வறுமை ஒரு காரணம், புலி வருஷத்தில் பிறந்த பெண் ஆகாது என்ற நம்பிக்கை இன்னொன்று. அந்தக் குழந்தைகளில் பலர் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தார்கள். பொட்டு, புடவை, தைப்பூசம், எல்லாம் தமிழ். எங்கள் பழைய புளோக்கில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். தாத்தா கறுப்புத் தமிழர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் பாட்டியிடம், "நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்று அசந்துபோவார்கள். பாட்டி வெற்றிலையை மென்றபடி, "நீயும் மோசமில்ல, பழகப் பழக வந்துரும்" என்பார். தெருவில் போகிறவர்களுக்கு அவர்கள் சீனப் பெண் இந்திய ஆண் ஜோடி. அவர்களுக்குள் அப்படி ஒன்றும் கிடையாது, இரண்டு பேருமே திருவள்ளூர்ப் பக்கத்து மாமியாரைப் பற்றிப் புறம்பேசிய தமிழர்கள்.

மலேசியாவின் மலாக்கா செட்டிகள் இன்னும் பழசு. சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டி உண்டான சமூகம். கஜா பேராங் சாலையில் அவர்கள் கிராமம் இருக்கிறது. பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா என்ற மலாய் மேலாடை, கும்பிடுவது பொய்யாத விநாயகரையும் மாரியம்மனையும். வேற்றினத் திருமணம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் துணிச்சல் என்று பேசுகிறவர்களை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

2025 ஆகஸ்ட் 3

தர்மனை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும். ஆமாம், 2023-ல் தர்மன் சண்முகரத்னம் 70.4 சதவீத வாக்கில் அதிபரானார். ஆமாம், அவர் மனைவி சீன-ஜப்பானிய வம்சாவளி. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராஜரத்னம் இன்னும் முந்தியவர். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், லண்டனில் ஹங்கேரியப் பெண்ணைக் கட்டினார். இனம், மொழி, மதம் பாராமல் என்று நாம் பள்ளியில் தினமும் சொன்ன தேசிய உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் அவர்தான். அவர் வீட்டில் நடந்ததைத்தான் நம்மைச் சொல்லவைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன், எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் பெரிய மனிதர்களுக்குக் கிடைப்பதும் எனக்குக் கிடைப்பதும் ஒன்றா? தர்மன் தம்பதியரிடம் யாரும் ஒருத்தரா இரண்டு பேரா என்று கேட்கப்போவதில்லை.

பாராட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டால் கல்யாண வீட்டில் பாதிப் பந்தி திரும்பிப் பார்த்து மெச்சும். நான் குச்சியால் நூடல்ஸ் சாப்பிட்டால் அங்கேயும் அப்படியே. நாற்பது வயதில், சாப்பிடத் தெரிகிறது என்று கைதட்டு வாங்குவது எங்கள் இரண்டு பேருக்கும்தான் வாய்த்திருக்கிறது. பிள்ளையைப் பார்த்து, கலப்பு என்றால் அழகாகத்தான் இருக்கும், மூளையும் அதிகம் என்பார்கள். அவன் கணக்கில் வாங்கியிருக்கும் மதிப்பெண்ணைக் காட்டினால் அந்த விஞ்ஞானம் நிற்காது. இதையெல்லாம் குறை என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன், அதனால் சிரித்துவைக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 10

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க அடுக்குமாடி வீடு பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வாங்குமுன் நீங்களும் கழகத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

1989-ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் இனத்துக்கு ஓர் உச்சவரம்பு. சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 15. வேற்றினத் தம்பதிகள் இரண்டு பேரில் யார் இனத்தை வேண்டுமானாலும் வீட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம். விற்கும்போதும் அதே இனம்தான். அதனால் வாங்கும்போதே யோசிக்கவேண்டும். புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியர் பெயரில் உள்ள வீட்டைச் சீனர் வாங்க முடியாது. மிச்சம் இருக்கிற கொஞ்சம் பேரில்தான் ஆள் தேடவேண்டும், விலையும் இறங்கும்.

நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சீனர் என்றே போட்டோம். முன்பணம் பெரும்பகுதி என் மத்திய சேமநிதியிலிருந்து போனது. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே முருகன் படம், அடுப்பில் வீட்டுக்காரர் வைத்த மீன்குழம்பு. கழகத்தின் கணக்கில் சீனர் வீடு. ஒருவர் கேட்டார், இதில் உங்களுக்கு வருத்தமில்லையா என்று. விற்கிற அன்றைக்கு நல்ல விலை வரட்டும், அப்புறம் வருத்தப்படுகிறேன்.

தோரணம் பிளாஸ்டிக்தான். அதற்கும் ஒருவர் சண்டைக்கு வருவார் என்று தெரியும்.